நெருக்கடியைத் தாண்டிய நாடும் சுமை தாங்கிய மண்ணும்
(வன்னி அனுபவம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு)

உலகப் பொருளாதார நெருக்கடிகளைப் பற்றிய எழுத்துக்களில் அடிக்கடி கையாளப்படும் தொடர் ஒன்று உண்டு. ‘நாடு நெருக்கடியைத் தாண்டியது’ என்பதே அது. இத்தொடரில் வரும் ‘நாடு’ என்னும் சொல் யாரைக் குறிக்கின்றது என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. திறைசேரியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு உயர்ந்ததும், நாடு தாண்டிவிட்டது என்று அறிக்கை எழுதப்படுகின்றது. அக்கையிருப்பு எவருடைய உழைப்பால் மீந்தது, எவருடைய வயிற்றை ஒறுத்து மீந்தது என்னும் வினாக்கள் அறிக்கைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. 1970களில் இலங்கை எதிர்கொண்ட நெருக்கடியை வன்னிப் பெருநிலப்பரப்பில் நின்று நோக்கும் ஒருவர் இவ்வினாக்களைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

1970 தொடக்கம் 1977 வரையான காலத்தைப் பற்றி இரு வகையான கருத்துக்கள் நிலவுகின்றன. அது பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற காலம், கூப்பனும் தட்டுப்பாடும் ஆட்சிசெய்த காலம் என்பது ஒன்று. வடபுலத்துக் கமக்காரன் மிளகாயாலும் வெங்காயத்தாலும் தலைநிமிர்ந்த பொற்காலம் அது என்பது மற்றையது. முன்னையது தென்னிலங்கை நகரங்களின் நினைவிலும், பின்னையது யாழ்ப்பாணத்தினதும் வன்னியினதும் நினைவிலும் ஆழப் பதிந்துள்ளது. இரண்டும் பொய்யல்ல. ஆயினும் இரண்டுமே முழுமையற்றவை. ஒரே கொள்கை ஓரிடத்தில் வரிசையாகவும் இன்னோரிடத்தில் விளைச்சலாகவும் தோன்றியது எவ்வாறு என்பதை இவ்விரு கருத்துக்களும் விளக்குவதில்லை.

முதலில் நெருக்கடியின் தோற்றுவாயைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம். 1971 ஓகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா டொலருக்கும் பொன்னுக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தது. உலக நாணய முறை நிலைகுலையத் தொடங்கியது. 1973 ஒக்டோபரில் மூண்ட அரபு – இசுரேல் யுத்தத்தைத் தொடர்ந்து, ஏறத்தாழ 3 டொலராக இருந்த ஒரு பீப்பா எண்ணெயின் விலை 1974 சனவரியில் ஏறத்தாழ 12 டொலராயிற்று. அதே காலத்தில் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் வரலாறு காணாத விலையை எட்டின. தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று பொருட்களை விற்று, அரிசியும் மாவும் சீனியும் எண்ணெயும் வாங்கி வாழ்ந்த இலங்கை போன்றதொரு நாட்டுக்கு இது இருமுனைத் தாக்குதலாக அமைந்தது. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற பொருளாதார அமைப்பின் பலவீனம் இங்கு முற்றாக வெளிப்பட்டது எனலாம்.

சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையில் 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. 1973இல் பங்கீட்டு அரிசியின் அளவு குறைக்கப்பட்டது. உணவு உற்பத்தி ஒரு போராகவே பிரகடனம் செய்யப்பட்டது. மரவள்ளியும் வற்றாளையும் சோற்றுக்குப் பதிலாக முன்வைக்கப்பட்டன. 1960களின் பிற்பகுதியிலேயே தொடங்கிய உபஉணவுப் பயிர் இறக்குமதிக் கட்டுப்பாடு இப்பொழுது ஏறத்தாழ முழுத் தடையாயிற்று. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் கொழும்பு நாலாங் குறுக்குத்தெருவுக்கு வாராது நின்றபோது, அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு பெருமளவுக்கு வடபகுதிக்கு வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக்காணி சிறியது; துண்டு துண்டாகப் பிரிந்தது. விரிந்த நிலமும் குளத்து நீரும் வன்னியிலேயே இருந்தன. அன்று கிளிநொச்சி, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. முல்லைத்தீவின் பெரும்பகுதி வவுனியா மாவட்டத்துள் அடங்கியது. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே தனி மாவட்டங்களாயின. இதனால் கிளிநொச்சிப் பகுதியின் விளைச்சல் யாழ்ப்பாண மாவட்டத்தின் கணக்கிலேயே சேர்ந்தது. ‘யாழ்ப்பாணத்து மிளகாய்’ என்று சந்தையில் பெயர்பெற்ற சரக்கில் ஒரு பங்கு வன்னி மண்ணில் விளைந்தது என்பதைப் புள்ளிவிபரங்கள் எளிதில் காட்டமாட்டா. வன்னியின் பங்களிப்புக் குறைத்து மதிப்பிடப்படுவதற்கு இது ஒரு காரணமாகும்.

இறக்குமதித் தடை வந்தவுடன் வன்னி எவ்வாறு விளைச்சல் தந்தது? இவ்வினாவுக்கான விடை தடையில் இல்லை. தடைக்கு முற்பட்ட தசாப்தங்களிலே உள்ளது. கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதிக்கு உரியது. 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தின் பின்னணியில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்றோரை வறண்ட வலயத்தில் குடியேற்ற வழிசெய்தது. சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் போன்ற பழங்குளங்கள் திருத்தப்பட்டன. 1960களில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் படித்த வாலிபர்க்கான குடியேற்றத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஆகவே 1973இன் நெருக்கடி வந்தபோது குளம் இருந்தது, வாய்க்கால் இருந்தது, வெட்டித் திருத்திய காணி இருந்தது, நவீன முறைகளைக் கற்றுக்கொள்ளும் ஆர்வமுள்ள இளைஞர்களும் இருந்தனர். நெருக்கடி வந்தபின் எந்த நாடும் குளம் கட்டிப் பயன்பெறுவதில்லை. முந்திய தலைமுறை கட்டியதையே அது பயன்படுத்துகின்றது. 1970களின் வெற்றியை அக்கால அரசாங்கத்தின் தடைக்கு மாத்திரம் உரித்தாக்குவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘தன்னிறைவு’ என்று போற்றப்பட்ட இச்செய்கை முற்றிலும் தன்னிறைவானதன்று. மேட்டுநில மிளகாய்க்கு நீர் இறைத்த இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது; அதனை இயக்கிய மண்ணெண்ணெயும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. இரசாயனப் பசளையும் பூச்சிகொல்லியும் அவ்வாறே. எண்ணெய் விலை ஏற்றம் கமக்காரனின் செலவையும் ஏற்றியது. விளைபொருளின் விலை அதனிலும் விரைவாக உயர்ந்தமையாலேயே அவன் இலாபம் கண்டான். விளைபொருளின் இறக்குமதியைத் தடுத்த அரசு, விளைவிப்பதற்கு வேண்டிய உள்ளீடுகளை அடியோடு நிறுத்தவில்லை என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. இந்த வேறுபாட்டை மறந்ததால் விளைந்த கேட்டினை அரை நூற்றாண்டின் பின்னர் நாடு அனுபவிக்க நேர்ந்தது.

மிளகாய்க்குக் காப்பாக அமைந்த அதே கட்டுப்பாட்டு முறை நெல்லுக்குத் தளையாக அமைந்தது. 1971இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக நெல்லைக் கொள்வனவு செய்தது. தனியார் அரிசி கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டது. வீதித் தடைகளில் லொறிகளும் பஸ்களும் சோதனையிடப்பட்டன. உறவினர் வீட்டுக்குச் சில கொத்து அரிசி கொண்டுபோனவரும் குற்றவாளி ஆகும் நிலை உருவாயிற்று. காலபோக நெல்லை அறுத்து அடுக்கிய வன்னிக் கமக்காரன், திறந்த சந்தையில் கூடுதல் விலை கிடைக்கக்கூடிய வேளையிலும் அரசு குறித்த விலைக்கே விற்கவேண்டியிருந்தது. தோட்டத்தில் அரசின் கொள்கையை வாழ்த்தியவனே வயலில் அதனைச் சபித்தான். ‘பொற்காலம்’ என்னும் சித்திரத்தில் இம்முரண்பாடு இடம்பெறுவதில்லை.

இதனிலும் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. பங்கீடு குறைந்தபோது கிராமத்தவனுக்கு ஒரு துண்டுக் காணியாவது இருந்தது. மலையகத்தின் தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இருக்கவில்லை. சம்பளத்தையும் பங்கீட்டு மாவையும் நம்பி வாழ்ந்த அம்மக்களை 1973–74இன் பஞ்சம் நேரடியாகத் தாக்கியது. 1974இல் தோட்டப்புற மரண வீதம் வெகுவாக உயர்ந்தமை அரசாங்கப் பதிவுகளாலேயே புலனாகும். தேயிலையை விற்றுப் பெற்ற செலாவணியால் வாழ்ந்த நாடு, அத்தேயிலையைப் பறித்தவரைக் காக்கவில்லை. உணவு தேடித் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தனர். காடு வெட்டவும் மிளகாய் ஆயவும் அரிவி வெட்டவும் கூலிக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. 1977ஆம் ஆண்டின் இனவன்செயல்களின் பின்னர் அவர்களின் தொகை மேலும் பெருகியது.

ஆகவே ஒரே நெருக்கடியின் இரு முகங்கள் வன்னியில் ஒரே வரம்பில் சந்தித்தன. நெருக்கடி தந்த விலையால் கல்வீடு கட்டத் தொடங்கியவன் ஒருவன்; நெருக்கடி தந்த பசியால் ஊர்விட்டு வந்து அவனுடைய காணியில் கூலிக்கு நின்றவன் மற்றொருவன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோருக்கு அரச காணி பெறும் வாய்ப்பு இருக்கவில்லை. அனுமதிப்பத்திரம் அற்ற காட்டோரக் குடிசைகளில் அவர்கள் வாழ்ந்தனர். இருவரும் தமிழர் என்பதால் மாத்திரம் இவ்வேறுபாடு மறைந்துவிடவில்லை. வடபுலத்தின் செழிப்பைப் பற்றிப் பெருமையுடன் எழுதுவோர் இக்கூலியாளர்களின் பங்கினை ஓரிரு வரிகளுக்கு மேல் பதிவுசெய்வதில்லை. இது தற்செயலான மறதியன்று. காணி உடையோரின் நினைவே எழுத்தில் நிலைத்ததன் விளைவாகும்.

காணி உடையவனும் முழுப் பயனை அடைந்தான் என்று கொள்ளுதல் பொருந்தாது. கொழும்புச் சந்தையின் விலையை அறிந்திருந்தவர் தரகரும் லொறி உரிமையாளரும் மொத்த வியாபாரியுமே. விதைப்புக்கு முன் கடன் கொடுத்தவர் விளைச்சலுக்கு விலை குறித்தார். பருவத்தில் சரக்குக் குவிந்தபோது அதனை வைத்திருந்து விற்பதற்குக் களஞ்சியம் போதவில்லை. மிளகாயைத் தூளாக்கிப் பொதிசெய்து விற்கும் தொழில்கள் விளையும் ஊர்களில் வேரூன்றவில்லை. கமக்காரனுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு துறைமுகத்தில் விதிக்கப்பட்ட தடையே ஆகும்.

அத்தடை நீங்கியபோது என்ன நிகழ்ந்தது என்பதை அடுத்து நோக்கலாம். 1977 யூலையில் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் அவ்வாண்டு நவம்பர் மாத வரவுசெலவுத் திட்டத்துடன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ரூபாவின் பெறுமதி ஒரு டொலருக்கு ஏறத்தாழ 16 என்ற நிலைக்கு இறக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்த்தப்பட்டன. செத்தல் மிளகாயும் வெங்காயமும் மீண்டும் கப்பலில் வந்தன. நகரத்து நுகர்வோருக்கு இது விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், அரசின் சொல்லை நம்பிக் கடன்பட்டு இயந்திரம் வாங்கிய வன்னி இளைஞனுக்கு விலையின் வீழ்ச்சி பேரிடியாயிற்று. அதே காலத்தில் அரசின் பெருமுதலீடு மகாவலித் திட்டத்தை நோக்கிச் சென்றது. அக்காலத் தமிழ் இளைஞரின் அரசியற் கசப்புக்கு மிளகாய் விலையே காரணம் என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். ஆயினும் அக்கசப்பினை விளக்க முற்படும் ஆய்வாளர் இப்பொருளாதார அடியை ஒதுக்கிவிடவும் முடியாது.

இங்கு விமர்சனம் இரு சாராரையும் நோக்கி எழவேண்டியுள்ளது. நெருக்கடியின்போது தடை விதித்தமை தவறன்று. செலாவணி இல்லாத நாட்டுக்கு வேறு வழி குறைவு. அத்தடை தந்த ஏழாண்டுகளில் தடையின்றியும் கமக்காரன் நிற்பதற்குரிய அடித்தளம் இடப்படாமையே ஐக்கிய முன்னணியின் குறை. பொருளாதாரத்தைத் திறந்தமையும் தன்னளவில் தவறன்று. உற்பத்தியாளனுக்கு அவகாசமும் மாற்றுவழியும் கொடாது திறந்தமையே அடுத்த அரசாங்கத்தின் குறை. அண்டை நாடான இந்தியாவின் அனுபவம் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 1965இல் இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைகள் ஆணைக்குழுவும் நிறுவப்பட்டன. அவற்றின் குறைகள் பல. கோதுமையும் நெல்லும் விளைத்த சில மாநிலங்களின் பெருங்கமக்காரரே கூடிய பயன் பெற்றனர் என்னும் கண்டனம் நியாயமானது. ஆயினும் ஆட்சிகள் மாறியபோதும் கொள்வனவு நிறுவனமும் களஞ்சியமும் ஆதரவு விலையும் நிலைத்தன. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் வந்த காப்பு மற்றொரு வர்த்தமானி அறிவித்தலால் போய்விடும். நிறுவனமாக வேரூன்றிய காப்பினை அவ்வளவு எளிதாக அகற்றமுடியாது.

இந்த அளவுகோலைப் பிற்கால நெருக்கடிகளுக்கும் பிரயோகித்துப் பார்க்கலாம். 2008 செப்டெம்பரில் லேமன் பிறதர்ஸ் வங்கி வீழ்ந்ததை அடுத்து எழுந்த உலக நிதி நெருக்கடி இலங்கையின் செலாவணிக் கையிருப்பையும் கரைத்தது. 2009 யூலையில் சர்வதேச நாணய நிதியம் 260 கோடி டொலர் கடனுதவிக்கு இணங்கியது. உலக உற்பத்தி சுருங்கிய அவ்வாண்டில் இலங்கை 3.5 வீத வளர்ச்சி கண்டதாகப் பதிவாயிற்று. நாடு நெருக்கடியைத் தாண்டியது என்று எழுதப்பட்ட அதே 2009இல் வன்னியின் நிலை யாது? சனவரியில் கிளிநொச்சி நகரம் வெறுமையாகக் கிடந்தது. மே மாதத்தில் யுத்தம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றது. எண்ணற்றோர் மாண்டனர். எஞ்சியோரில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். குளங்களின் கீழிருந்த வயல்கள் விதைப்பாரின்றிக் கிடந்தன. ‘நாடு’ என்னும் சொல்லுள் வன்னி அடங்கவில்லை என்பதற்கு இதனிலும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

யுத்தத்தின் பின்னர் வன்னிக்கு முதலீட்டை முந்திக் கடன் வந்தது. உழைப்பாளியை இழந்து பெண்களே தலைமை தாங்கிய குடும்பங்களின் வாசலுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வாரந்தோறும் சென்றன. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று. இந்நிலையிலேதான் அடுத்த நெருக்கடி வந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலபோகம் தொடங்கிவிட்டது. 1970களின் அரசு விளைபொருளைத் தடுத்து உள்ளீட்டை அனுமதித்தது. 2021இன் அரசோ உள்ளீட்டைத் தடுத்துப் பின்னர் விளைபொருளை இறக்குமதி செய்தது. 2022 ஏப்ரில் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 200 ஆக இருந்த டொலரின் விலை சில மாதங்களில் 360 ரூபாவைக் கடந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்கள் பல கடலில் இறங்கவில்லை.

அவ்வேளையில் ‘1970களுக்குத் திரும்புவோம்’ என்னும் குரல் பல திசைகளிலும் எழுந்தது. வீட்டுத்தோட்டமும் மரவள்ளியும் மீண்டும் நினைவுகூரப்பட்டன. இக்குரல் 1970களின் வரிசையை மாத்திரம் நினைத்தது; அதன் பின்னால் இருந்த குளத்தையும் வாய்க்காலையும் உறுதியான விலையையும் நினைக்கவில்லை. பற்றாக்குறை தானாக உற்பத்தியைப் பெருக்குவதில்லை. காணியும் நீரும் உள்ளீடும் விலையும் கூடியவிடத்தே அது உற்பத்தியாகின்றது. அவை இல்லாதவிடத்துப் பசியாகின்றது. மலையகம் 1974இல் கண்டதும் வன்னியின் கூலிக் குடும்பங்கள் 2022இல் கண்டதும் இதுவே. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவியை அங்கீகரித்தபோது நாடு மீண்டும் தாண்டிவிட்டது என்னும் தொடர் தலைகாட்டத் தொடங்கியது.

நெருக்கடியைத் தாண்டிய நாடுகளின் படிப்பினை பற்றிப் பல்கலைக்கழகங்களில் விரிவுரைகள் நிகழ்கின்றன. அவற்றில் வட்டி வீதமும் நாணயமாற்று வீதமும் கையிருப்பும் ஆராயப்படுவது முறையே. அவற்றுடன் வேறு சில வினாக்களும் சேர்க்கப்படவேண்டும். நெருக்கடிக்கு முன் எங்கே குளம் கட்டப்பட்டது? நெருக்கடியின்போது எவருடைய பங்கு குறைக்கப்பட்டது? நெருக்கடி நீங்கியபின், அதனைத் தாங்கியவனின் கையில் என்ன எஞ்சியது? இம்மூன்றாவது வினாவுக்கு 1977இன் வன்னி தந்த விடை, விற்க முடியாத மிளகாய் மூடையும் அடைக்க முடியாத கடனுமே. அம்மூடையைச் சுமந்த கூலியாளுக்கு அதுவும் எஞ்சவில்லை. அவனுக்கு ஒரு துண்டுக் காணியின் உரிமையேனும் உறுதியாகும் நாளிலேயே நாடு நெருக்கடியைத் தாண்டியது என்னும் கூற்று வன்னியில் பொருள்பெறும்.